நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த ஊசி

2021 டிசம்பர் 25 ராத்திரி, பத்து மணி நெருங்கும் நேரம், பிரதமர் டிவியில் வந்து, ஜனவரி 3 முதல் 15 வயதிலிருந்து 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கும் கொரோனா தடுப்பூசி போடப்படும் என்று சொன்னார். நான் சமையலறையில் கிரைண்டரிலிருந்து மாவு வழித்துக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து மாமியார், "ஏங்கண்ணு, நம்ம அம்மிணிக்குங்கூடப் போடோணுமாமா" என்றார். அம்மிணி என்றால் என் மகள். 2006-இல் பிறந்தவள், அப்போது பத்தாம் வகுப்பு. ஜனவரி 5 அன்று பள்ளிக்கூடத்திலேயே அவளுக்கு ஊசி போட்டாகிவிட்டது. நடுவில் பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் நான் பட்ட பாட்டை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போதுதான் கை வந்தது.

ஊசியைப் பற்றி யோசிக்கிற அம்மா என்றால் உடனே அவளுக்கு விவரம் போதாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் கரூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன், வரவு செலவு இடித்தால் ராத்திரி தூக்கம் வராது எனக்கு. யோசித்தது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் எந்த ஊசியைப் பற்றி யோசித்திருக்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறொரு ஊசியைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன், அதை ஒரு நர்ஸம்மா வந்து காட்டும்வரை எனக்குத் தெரியவில்லை.

என் பயம் கொரோனாவில் ஆரம்பித்தது இல்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் ஒரே நாளில் இறந்துபோனார்கள். இந்தச் செய்தி எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது, எனக்கு அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அந்த வாரம்தான் என் மகளுக்கு ஒன்றரை வயதுக்கான பூஸ்டர் போடக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தேன். டிவியில் அந்தத் தாய்மார்களைக் காட்டினார்கள். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். பூஸ்டரை ஒரு மாதம் தள்ளிப்போட்டேன், அப்புறம் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஊசி என்ற வார்த்தையோடு அந்த முகங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. இது வாட்ஸ்அப்பில் வந்த புரளி இல்லை, நடந்த விஷயம். பயப்படுகிறவர்களைப் பார்த்து எடுத்த எடுப்பில் முட்டாள் என்று சொல்லாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

அதன் பிறகு 2017. பிப்ரவரி 6-ஆம் தேதி தமிழ்நாடு முழுக்க எம்ஆர் ஊசி, அதாவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து ஒரே ஊசி, 9 மாதக் குழந்தையிலிருந்து 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எல்லோருக்கும் போட ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஜெயலலிதா இறந்து இரண்டு மாதம். ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு வெளிநாட்டு அமைப்பு என்றாலே எல்லோருக்கும் ஒரு சந்தேகம். பிப்ரவரி 7 ராத்திரி ஓ. பன்னீர்செல்வம் மெரினாவில் போய் உட்கார்ந்தார், அதிலிருந்து பத்து நாளைக்கு எந்தச் சேனலைத் திருப்பினாலும் எம்எல்ஏக்கள் தங்கியிருந்த கூவத்தூர்தான். ஊசியைப் பற்றி உட்கார்ந்து விளக்க ஒருவருக்கும் நேரமில்லை. வாட்ஸ்அப்புக்கு மட்டும் நேரம் இருந்தது. ஒரு பெண் அழுதபடி பேசுகிற ஆடியோ எங்கள் குழுவில் வந்தது, பிள்ளைகளுக்கு இந்த ஊசியைப் போடாதீர்கள், பெண் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்று. யார் அவர், எந்த ஊர், ஒன்றும் கிடையாது. அந்தக் குரலில் இருந்த பதற்றம் என்னைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

பள்ளியிலிருந்து துண்டுச்சீட்டு வந்தது, சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுங்கள் என்று. மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. சீட்டின் பின்பக்கத்தில் "என் பிள்ளைகளுக்கு இந்த ஊசி போட எனக்கு விருப்பம் இல்லை, மீறிப் போட்டால் பள்ளியே பொறுப்பு" என்று இரண்டு சீட்டிலும் நீல மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஏன் வேண்டாம் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் இது எதற்கான ஊசி என்று யாரையும் கேட்கவில்லை. ரூபெல்லா என்றால் என்ன என்றே அப்போது எனக்குத் தெரியாது. வேண்டாம் என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

இந்தக் கதையை இங்கே நிறுத்திவைக்கிறேன், பின்னால் வரும்.

2021 ஏப்ரல் 15-ஆம் தேதி நடிகர் விவேக் சென்னையில் கோவாக்சின் போட்டுக்கொண்டார், எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேமரா முன்னால் சொன்னார், 17-ஆம் தேதி காலையில் இறந்துபோனார். இதய ரத்தக்குழாய் முழுக்க அடைத்திருந்தது, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர்கள் அன்றைக்கே சொன்னார்கள். மத்திய அரசின் நிபுணர் குழு ஆராய்ந்து அதையே உறுதி செய்ய அக்டோபர் ஆனது. நடுவில் இருந்த அந்த ஆறு மாதத்தில் எங்கள் தெருவில் வயதானவர்கள் அநேகம் பேர் ஊசிப் பக்கம் போகவில்லை. "அவரு வேப்பங்கன்னும் புங்கங்கன்னும் நட்ட மனுசன், அவருக்கே இப்படின்னா" என்பார் மாமியார். அவருக்கு அப்போது 71 வயது, இருபது வருடச் சர்க்கரை, சிறுநீரகமும் கொஞ்சம் பழுது. மே மாதம் மாநிலத்தில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று வந்த வாரத்தில், எதிர்வீட்டுப் பெரியவரை ஆக்ஸிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸில் வைத்துக்கொண்டே சுற்றி, திரும்பி அவர் வரவில்லை. அதைப் பார்த்த பிறகும் அத்தை அசையவில்லை. செப்டம்பர் 12 மெகா முகாமில்தான் முதல் ஊசி போட்டுக்கொண்டார், அதுவும் என் மகள் கையைப் பிடித்துக் கூட்டிப் போனதால்.

சரி, டிசம்பருக்கு வருகிறேன்.

அறிவிப்பு வந்த மறுநாளே ஒரு செய்தி படித்தேன். டெல்லி எய்ம்ஸில் கோவாக்சின் பரிசோதனைகளுக்கு முதன்மை ஆய்வாளராக இருந்த டாக்டர் சஞ்சய் ராயே, பிள்ளைகளுக்குப் போடும் முடிவு அறிவியலுக்குப் பொருந்தாதது என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். வேலூர் சிஎம்சியில் பணியாற்றிய தொற்றுநோயியல் நிபுணர் ஜெயப்பிரகாஷ் முளியிலும், பிள்ளைகள் கொரோனாவை நன்றாகவே தாங்குகிறார்கள், அவசரம் இல்லை என்று பேசினார். வாட்ஸ்அப் ஆடியோ என்றால் தள்ளிவிடலாம், இவர்களை எப்படித் தள்ளுவது? இன்னொரு பக்கம் நியூஜெர்சியில் இருக்கும் என் தம்பி, அவன் எட்டு வயது மகளுக்கு நவம்பரிலேயே ஃபைசர் போட்டுவிட்டான், பெரியவர்களுக்கு 30 மைக்ரோகிராம், சின்னவர்களுக்கு 10 என்று குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று ஃபோனில் விளக்கிவிட்டு, "நீ இன்னுமா யோசிக்கிற அக்கா?" என்றான். லண்டனில் இருக்கும் சித்தி மகள் வேறு கதை சொன்னாள். அங்கே செப்டம்பர் 3-ஆம் தேதி தடுப்பூசி ஆலோசனைக் குழு, 12 முதல் 15 வயதுவரை உள்ள ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு நன்மை இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் போடச் சொல்லும் அளவுக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. பத்து நாள் கழித்து நான்கு தலைமை மருத்துவ அதிகாரிகள், பள்ளிப் படிப்பு கெடுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு டோஸ் போடலாம் என்றார்கள். ஒரே நாடு, ஒரே ஊசி, பத்து நாளில் இரண்டு பதில். படித்தவர்களே இப்படித் தடுமாறும்போது வாங்கல் ரோட்டில் குடியிருக்கிற நான் எந்தப் பக்கம் சாய்வது?

என் கணவருக்கு இதெல்லாம் எரிச்சல். "ஊரே போடுது, நீ மட்டும் என்ன ஆராய்ச்சி பண்ற" என்றார். நான், "ஊரே 2017-லயும் போட்டுச்சு" என்றேன். அப்போது என் பக்கம் நின்றவர் அவர். பதில் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அத்தை ஒரு சாயங்காலம் வாசலில் வெங்காயம் உரித்தபடி தானாகவே ஒன்று சொன்னார். அவருக்கு ஆறேழு வயது இருக்கும்போது அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வந்தால், அவருடைய அம்மா பிள்ளைகளைச் சோளக்காட்டுக்குள் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, சத்தம் போடக் கூடாது என்று வாயில் கருப்பட்டி வைத்துவிடுவாராம். மாரியாத்தா வந்து விளையாடுகிற உடம்பில் ஊசி குத்தக் கூடாது என்று. "எனக்குப் பள்ளிக்கூடத்துல வெச்சுப் புடிச்சுக் குத்திப்புட்டாங்க. தம்பி பள்ளிக்கூடம் போற வயசில்ல, அவன் காட்டுக்குள்ளயே தப்பிச்சுட்டான். அடுத்த வைகாசிக்கு, மாரியாத்தா கோயில்ல கம்பம் நட்டிருக்கறப்பவே, ஆத்தா கொண்டுக்கிட்டுப் போயிட்டா." சொல்லிவிட்டு முன்கையைத் தடவிக்கொண்டார். அங்கே பழைய காலணா அகலத்தில் ஒரு தழும்பு, தோல் சுருங்கி, நடுவில் புள்ளிபுள்ளியாக. பதினேழு வருடம் அந்தக் கையிலிருந்து சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன், அது என்ன தழும்பு என்று கேட்டதே இல்லை. பெரியம்மை 1975-க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் வரவில்லை. அவருடைய அம்மாவைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளைக் காட்டுக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு அந்த அம்மா எப்படி நடுங்கியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

டிசம்பர் 30 அன்று நர்ஸம்மா வந்தார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அத்தைக்குச் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும், வழக்கமாகக் கொண்டுவரும் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று அன்று கிராம சுகாதார செவிலியரே ஸ்கூட்டியில் வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். மோர் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, அம்மிணிக்கு ஊசி போடலாங்களா என்று கேட்டேன். போடுங்கள் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவார் என்று நினைத்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "என்ன பயம்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்" என்றார்.

பதினான்கு வருடத்துப் பயத்தை அவரிடம் கொட்டினேன். திருவள்ளூர், விவேக், எய்ம்ஸ் டாக்டர், எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டார். திருவள்ளூருக்குப் பிறகு ஊர் ஊராகப் போய்க் கிராமத்தில் போடுவதையே நிறுத்தி, டாக்டர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும்தான் போட வேண்டும் என்று மாற்றினார்கள், அந்த வருடமெல்லாம் குழந்தைகளுக்கு ஊசி போடும்போது தனக்கும் கை நடுங்கியது என்றார். இதை அவர் சொன்னதும் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. அப்புறம், "பழைய கார்டு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

பீரோவில் ரேஷன் கார்டு, ஜாதகத்தோடு இருந்தது. மஞ்சளாகிப்போன அட்டை, மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டியது. அவர் விரலை வைத்து வரிசையாகப் படித்தார். பிசிஜி, போலியோ, முத்தடுப்பு, ஒன்பது மாதத்தில் தட்டம்மை ஒன்று. விரல் நின்றது. "2017-ல எம்ஆர் போடலீங்களா?" நான் பதில் சொல்லவில்லை. "எழுதிக் குடுத்துட்டீங்களா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, அந்த வருடம் எத்தனையோ சீட்டுகளைப் பார்த்தவர் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஏம்மா, கொரோனா ஊசிக்கு நீங்க யோசிக்கறதுல தப்பு இல்ல. போட்டா நல்லதுன்னு நான் சொல்வேன், இன்னும் ஒரு டாக்டரையும் கேட்டுக்குங்க. ஆனா இந்த ரூபெல்லா இருக்கு பாருங்க, இதுக்கு யோசிக்கவே வேண்டாம். பொம்பளப் புள்ள. நாளைக்குக் கல்யாணம் ஆகி முழுகாம இருக்கறப்ப முதல் மூணு மாசத்துல இது வந்துச்சுன்னா, வயித்துல இருக்கற புள்ளைக்குக் கண்ணுல புரை, காது கேக்காது, இருதயத்துல ஓட்டை. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, லேசாக் காச்சல் அடிச்சு, ரெண்டு நாள் செவப்பாத் தடிப்புப் போட்டு மறைஞ்சுரும். புள்ள பொறந்தாத்தான் தெரியும்."

எந்த ஊசி போட்டால் குழந்தை பிறக்காது என்று ஒரு குரல் அழுததைக் கேட்டு நான் பயந்தேனோ, அது பிறக்கப்போகிற குழந்தைக்காகவே போடுகிற ஊசி. ஐந்து வருடமாக இது எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி தேடித் தேடிப் படித்தேன். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ரூபெல்லா வந்தால் பத்தில் ஒன்பது கர்ப்பங்கள் வரை சிசுவைப் பாதிக்கும். கண்புரையோடு பிறந்த குழந்தைகள் திடீரென்று நிறைய வருவதைப் பார்த்து 1941-இல் ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர்தான் இதைக் கண்டுபிடித்தார். நம் பக்கத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் இதைப் பற்றிப் பல வருடமாக ஆய்வு செய்து சொல்லி வந்திருக்கிறார்கள். எல்லாம் எப்போதும் இருந்த தகவல். 2017-இல் அந்த ஆடியோவுக்குப் பதிலாக யாராவது இதில் ஒரு வரியைச் சொல்லியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை கரூரில் பிள்ளைகள் டாக்டரிடம் போனோம், பெரியவள், சின்னவன், நான். கோவாக்சினைப் பிள்ளைகளிடம் 525 பேருக்குத்தான் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், அது போதுமா என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றார். நூறு பேரில் ஒருவருக்கு வருகிற பக்கவிளைவு என்றால் 525 பேரில் அநேகமாகத் தெரிந்திருக்கும், பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருவதாக இருந்தால் தெரியாது, அதற்கு நாம் பார்க்க வேண்டியது பெரியவர்களுக்கு ஏற்கெனவே கோடிக்கணக்கில் போட்டிருக்கிறதே அதைத்தான் என்றார். இது செத்த வைரஸை வைத்துச் செய்கிற பழைய முறை, நாய்க்கடிக்குப் போடுகிற ஊசியும் இந்த வகைதான், இளம் பையன்களுக்கு அபூர்வமாக இதயத் தசை வீங்கியது என்று படித்திருப்பீர்கள், அது ஃபைசர், மாடர்னா மாதிரியான ஊசிகளைப் பற்றிய பேச்சு என்றார். இந்த ஊசி போட்டால் கொரோனாவே வராது என்று நினைக்காதீர்கள், ஒமைக்ரான் வந்துவிட்டது, வரலாம் என்றும் அவரே சொன்னார். பிறகு எதற்கு டாக்டர் என்றேன். இரண்டாம் அலை முடிந்து ஒரு மாதம் கழித்து, கொரோனா வந்ததே வீட்டுக்குத் தெரியாத பிள்ளைகள் கண் சிவந்து, விடாத காய்ச்சலோடு, இதயம் வரை வீக்கம் ஏறி அவரிடம் வந்திருக்கிறார்கள். அரிதுதான், ஆனால் அதைக் கண்ணால் பார்த்துவிட்டேன் அம்மா, அதனால் என் பிள்ளையாக இருந்தால் போடுவேன் என்றார்.

கணக்கு எழுதுகிற எனக்கு இப்படிச் சொன்னது போதுமாக இருந்தது. நூறு சதவீதம் என்று யாராவது சொன்னால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், இவ்வளவு நேரம் பேசாமல் இருந்த மகள், "என் கையிலதானம்மா போடப்போறாங்க? என்னை ஒருத்தரும் கேக்கலையே" என்றாள். உண்மைதான். ஒன்பது நாளாக அவள் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். நீ என்ன நினைக்கிறாய் என்றேன். அவள் அப்பத்தாவுக்காகப் போட்டுக்கொள்கிறேன் என்றாள். எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு ஆனது அப்பத்தாவுக்கு ஆகக் கூடாது என்று மே மாதத்திலிருந்து பயந்துகொண்டு, பள்ளியிலிருந்து வந்ததும் அப்பத்தா பக்கத்தில் உட்காராமல் தள்ளியே உட்கார்ந்திருக்கிறாள். பாடம் நிறைய இருக்கிறது என்று எங்களிடம் சொன்னதெல்லாம் அதனால்தான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஊசி தொற்றுவதை முழுக்கத் தடுக்காது என்று டாக்டர் சொன்னாரே என்றேன். "கொஞ்சமாவது தடுக்குமில்ல" என்றாள்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியிலிருந்து 4-ஆம் தேதி பெற்றோர் குழுவில் வந்த செய்தி, ஊசி போடாதவர்கள் வகுப்புக்கு வர முடியாது என்று இருந்தது. மத்திய அரசு அப்படி எங்கும் சொல்லவில்லை. முடிவு எடுத்த பிறகு வந்ததால் எனக்குப் பாதிப்பு இல்லை, ஆனால் அதைப் படித்த ஒரு நிமிடம் போடவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கை துடித்தது. நர்ஸம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்து திறந்த கதவை அந்த ஒரு வரி மூடப் பார்த்தது. 2022 மே 2-ஆம் தேதி, யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது, பிள்ளைகளிடம் நடத்திய பரிசோதனை விவரங்களையும் வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, ஊசிக்கு ஆதரவாக மாறிவிட்டிருந்த எனக்கு அவ்வளவு நிம்மதி.

5-ஆம் தேதி நானும் பள்ளிக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்பு அறையில் மேசை போட்டு, நீல நிறக் குளிர்ப்பெட்டி, பக்கத்தில் ஊசியை வெட்டுகிற சின்ன இயந்திரம். காலாவதியான கோவாக்சினுக்குப் புதுத் தேதி ஒட்டிப் பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள் என்று இரண்டு நாளாகப் படத்தோடு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. மருந்துக் குப்பியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். வரிசையில் நின்ற இன்னொரு அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அங்கிருந்த செவிலியர் உடனே எடுத்துக் காட்டினார், தேதிக்கு இன்னும் பல மாதம் இருந்தது. ஒன்பது மாதம் என்று இருந்த கெடுவை, வைத்துச் சோதித்துப் பார்த்துப் பன்னிரண்டு மாதம் என்று அக்டோபரில் நீட்டித்தார்கள், அதனால் சில குப்பிகளில் தேதி மாற்றி ஒட்டியது, மறைக்க ஒன்றுமில்லை என்றார். குப்பியைக் கேட்ட நான்காவது ஆள் நான் என்றும் சொன்னார். மகள் இடதுகைச் சட்டையை மேலே ஏற்றிவிட்டு என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன், அவள் பக்கத்துப் பெண்ணோடு கணக்குப் பரீட்சை பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். காய்ச்சலுக்கென்று பாராசிட்டமால் கொடுத்தார்கள். கோவாக்சினுக்குப் பிறகு அது தேவையில்லை என்று பாரத் பயோடெக் நிறுவனமே அன்றைக்குச் சொன்னதைச் செய்தியில் பார்த்து எடுத்து வைத்துவிட்டேன். காய்ச்சல் வரவில்லை. கை மட்டும் இரண்டு நாள் வலித்தது.

ஜனவரி கடைசியில் வீட்டில் எல்லோருக்குமே கொரோனா வந்தது. முதலில் கணவருக்கு, அப்புறம் பிள்ளைகளுக்கு, எனக்கு, கடைசியாக அத்தைக்கு. அத்தைக்கு மூன்று நாள் காய்ச்சல், ஒரு வாரம் இருமல், அவ்வளவுதான், ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. ஊசியாலா, ஒமைக்ரான் லேசானதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, பிரித்துச் சொல்வதாக எழுதினால் பொய். மகள் தள்ளி உட்காருவதை நிறுத்திவிட்டாள், இதை மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம். கொரோனா வந்தவர்கள் மூன்று மாதம் கழித்துத்தான் அடுத்த ஊசி போட வேண்டும் என்று விதி வந்ததால் இரண்டாவது டோஸ் தள்ளிப்போனது. மே 6-இல் பொதுத்தேர்வு தொடங்கியது, அது முடிந்து ஜூனில் போட்டோம். சின்னவனுக்கு, மார்ச் 16-இல் 12 முதல் 14 வயதினருக்குத் தொடங்கிய கோர்பிவேக்ஸ். பழைய மஞ்சள் காமாலை ஊசி மாதிரிப் புரதத்தை வைத்துச் செய்தது என்று தெரிந்துகொண்டு, அவனையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஒரே நாளில் முடிவு செய்தோம்.

எனக்கு முக்கியமானது மார்ச் மாதத்து ஒரு ஞாயிறு. அதே டாக்டரிடம் இரண்டு பேரையும் கூட்டிப்போய் எம்எம்ஆர் போட்டேன், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்து. இந்த வயதில் போடலாமா, நேரம் கடந்துவிட்டதா என்று கேட்டதற்கு, கர்ப்பமாக இல்லாதவரை எப்போது வேண்டுமானாலும் போடலாம், இரண்டு தவணை, நடுவில் ஒரு மாதம் இடைவெளி என்றார். அன்றைக்கு எந்தப் பதற்றமும் இல்லை எனக்கு. உங்கள் வீட்டில் 2017-க்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் இருந்தால், அதிலும் நாங்கள் எழுதிக் கொடுத்த மாதிரி நீங்களும் எழுதிக் கொடுத்திருந்தால், அட்டையை எடுத்துப் பாருங்கள். தட்டம்மை என்று மட்டும் இருந்தால் அதில் ரூபெல்லா சேர்த்தி இல்லை. எந்தப் பிள்ளைகள் டாக்டரிடமும் கேட்கலாம்.

மகளின் அட்டையை நீட்டினேன். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எழுத இடம் தேடினார். ஒன்பது மாதம், ஒன்றரை வருடம், ஐந்து வருடம், பத்து வருடம் என்று அச்சடித்த கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. கடைசியில் குழந்தையின் எடை குறிக்கிற பக்கத்தின் ஓரத்தில், தவழுகிற குழந்தைப் படத்துக்குக் கீழே, "எம்எம்ஆர் 1, வயது 15" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது மகள் கேட்டாள், "அப்ப ஏம்மா வேண்டாம்னு எழுதினே?" பயந்துட்டேன் கண்ணு, யாருகிட்டயும் கேக்கவும் இல்ல என்றேன். சரி என்று தலையாட்டினாள். அடுத்த ஊசிக்கான தேதியைத் தன் ஃபோனில் அவளே குறித்துக்கொண்டாள், தம்பிக்கும் சேர்த்து.